தரையில் காய்ந்த இடம்

மாலை ஆறேகால் மணி. எங்கள் ஊரில் அந்த நேரத்துக்கு எல்லா வீட்டிலும் சாப்பாட்டுத் தட்டு தரைக்கு வந்துவிடும்.

இது நடந்தது. இத்தனை வருடம் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. நம்பமாட்டார்கள் என்று பயந்திருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன். நம்பிவிடுவார்கள் என்றுதான் பயந்தேன். என் அம்மாவுக்குக் குரல்கள் கேட்டன. எனக்கும் ஒன்று கேட்டது என்று சொன்னால் ஊர் என்ன முடிவுக்கு வரும் என்று எனக்குத் தெரியும்.

கூட்டிச் சொல்ல எதுவும் இல்லை. கேட்டதையும் பார்த்ததையும் மட்டும் எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பதினைந்து வயது. செவ்வாறு கடலில் கலக்கும் பகுதியில் எங்கள் ஊர். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அப்பாவுக்குத் தெற்கே சைகோன் நகரத்தில் கட்டிட வேலை. புத்தாண்டுக்கு வந்துவிட்டு, பத்து நாளில் மறுபடி ரயில் ஏறிவிடுவார்.

பள்ளியில் என் பெயர் குவே. வீட்டில் தெப். பொடி இறால் என்று அர்த்தம். குறை மாதத்தில் பிறந்தேன். அழகான பெயரைச் சொல்லி அழைத்தால் கெட்டது ஏதாவது கேட்டுவிட்டுத் தூக்கிப் போய்விடும் என்று எங்கள் பக்கம் குழந்தைகளுக்கு இப்படி ஒரு பெயர் வைப்பார்கள். பெரும்பாலோர் வளர்ந்ததும் அதை விட்டுவிடுவார்கள். அம்மா விடவில்லை. அவள் ஒருத்திதான் என்னை அப்படிக் கூப்பிட்டாள்.

அம்மாவின் நோய் ஊர் ஒலிபெருக்கியில் தொடங்கியது.

எங்கள் சந்துமுனைக் கம்பத்தில் அது தொங்கும். விடியற்காலையும் சாயங்காலமும் அலறும். உர விலை, தடுப்பூசி, யார் வீட்டு எருமை யார் நாற்றை மேய்ந்தது. ஒருநாள் கோஸ் கழுவிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். அதில் தன்னைப் பற்றிச் சொல்கிறார்கள் என்றாள். நான் காது கொடுத்தேன். பன்றிகளுக்கு வரும் காய்ச்சலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

அந்த வருடம் முடிவதற்குள் குரல்கள் மின்விசிறிக்கு வந்தன. பிறகு சோற்றுப் பானைக்கு. எல்லாம் அவளைத் திட்டின. சந்தைக்குப் போவதை விட்டாள். தலை குளிப்பதை விட்டாள். நான்தான் சீயக்காய் மாதிரியான காய்களை வேகவைத்து ஆறவைத்த நீரில் அவள் தலையைக் கழுவிவிடுவேன். இரவில் அவள் எழுந்து போய்விடக்கூடாது என்று என் கணுக்காலையும் அவள் கணுக்காலையும் ஒரு துணிக் கயிற்றில் கட்டிக்கொண்டு தூங்குவேன். கத்தியை அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பேன். யாராவது கேட்டால் அம்மாவுக்குக் காய்ச்சல் என்பேன். வருடம் முழுவதும் காய்ச்சல்.

சுகாதார நிலையத்து மியென் அக்கா மாதாமாதம் மாத்திரை கொடுப்பாள். நல்ல பெண். சைக்கிளைப் பிடித்தபடியே என்னிடம் சொல்லிக்கொடுத்தாள். "குரல் இல்லவே இல்லன்னு சண்டை போடாத. நீயும் சேந்துக்கிட்டுப் பேசாத. உனக்குக் கேக்குதும்மா, எனக்குக் கேக்கல, அவ்வளவுதான் சொல்லணும்."

அதைத்தான் சொன்னேன். ஒரு நாளைக்கு எத்தனை முறை வந்தாலும். உனக்குக் கேக்குதும்மா. எனக்குக் கேக்கல. உண்மையும் அதுதான்.

பள்ளியில் என் பின்னால் உட்காரும் பையன் கையைக் குவித்து வாயருகே வைத்துக்கொள்வான். "அனைவரும் கவனிக்கவும். குவே வீட்டில் இன்று பானை என்ன பேசியது?" வகுப்பு சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரித்தால் சீக்கிரம் முடிந்துவிடும்.

அப்பாவின் அக்கா, ஹொவான் அத்தை, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தாள். கெட்டவள் என்று சொல்லமாட்டேன். எங்களுக்கு மீன் கொடுத்தது அவள்தான். புத்தாண்டு அன்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். இன்னொரு முறை ஏதாவது நடந்தால் இவளை மாகாண ஆஸ்பத்திரியில் சேர்ப்பேன், பெண்ணை என் வீட்டில் வைத்துக்கொள்வேன். அப்பா தேநீரைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

ஆஸ்பத்திரி என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. போனவர்கள் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அம்மா வீட்டில் இருக்கவேண்டும். அவள் எப்படி இருந்தாலும் சரி. அந்த ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும்.

சாப்பிட உட்கார்ந்ததும் இளையவர் மூத்தவரை அழைக்கவேண்டும். ஒவ்வொருவராக, வயது வரிசையில். அப்பா, சாப்பிடுங்க. அம்மா, சாப்பிடுங்க. அவர்கள் "ம், நீயும் சாப்பிடு" என்று சொன்ன பிறகே சாப்பிடும் குச்சியைத் தொடலாம். ஒருவர் பதில் சொல்லாவிட்டாலும் காத்திருக்கவேண்டும். சோறு ஆறினாலும் காத்திருக்கவேண்டும். பேசத் தொடங்கும்போதே குழந்தைக்கு இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவோம்.

எங்கள் வீட்டில் நான்தான் கடைசி. அதனால் என்னை யாரும் அழைத்ததில்லை. எனக்குக் கீழே யாரும் இல்லை.

அப்பா ரயில் ஏறிய வாரம் அம்மா கொசுவலைக்குள் போய்ப் படுத்தாள். சாப்பிட எழவில்லை. கிண்ணத்தை வலைக்குள் நீட்டினால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். நான் தட்டைத் தரையில் வைத்துத் தனியாகச் சாப்பிட்டேன். வேகவைத்த கோஸ், உப்பில் ஊறிய கத்தரிக்காய், மீன்சாறு.

சில நாள் பேசாமல் சாப்பிட்டேன். பிறகு வாய் தானாகவே அழைக்கத் தொடங்கியது. அப்பா, சாப்பிடுங்க. அம்மா, சாப்பிடுங்க. பதிலையும் நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம், குரலைச் சின்னதாக்கி, இன்னொன்றும் சொன்னேன்.

"அக்கா, சாப்பிடுங்க."

இல்லாத ஒரு தங்கையின் குரலில்.

"ம், நீயும் சாப்பிடு" என்றேன்.

நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு தினமும் செய்தேன். வெறும் இடத்தைப் பார்த்துச் சாப்பிட அழைப்பது எங்களிடம் திதி நாளில் மட்டும்தான், அதுவும் பெயர் சொல்லி, இறந்தவர்களை. பெயரில்லாமல் அழைக்கக்கூடாது, பசியோடு போனவர் யாராவது வந்துவிடுவார் என்பார்கள். எனக்கு அது தெரியும். ஆனால் இது விளையாட்டு என்று நினைத்தேன்.

பிறகு வேர்வைக் காலம் வந்தது.

புத்தாண்டு முடிந்து கடல் காற்று திரும்பும்போது எங்கள் பக்கத்து வீடுகள் வேர்க்கும். சுவரில் நீர் வழியும். தரை ஓடுகளில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். துடைத்த கை எடுக்குமுன் மறுபடி ஈரம். பாய் பூஞ்சை பிடித்துவிடும் என்று சுருட்டி மேலே கட்டிவிட்டு, சின்னப் பலகை போட்டு உட்காருவோம்.

ஒருநாள் தட்டை வைக்கும்போது கவனித்தேன். என் இடது பக்கத்தில், கதவோர மூலையில், சோற்றுப் பானையை ஒட்டி, ஓர் இடம் காய்ந்திருந்தது.

பெரிதில்லை. இரண்டு உள்ளங்கை அகலம். சுற்றிலும் தண்ணீர் நின்றது. அங்கே மட்டும் இல்லை.

பானையின் சூடு என்று நினைத்தேன். பானையை வலது பக்கம் மாற்றிவைத்தேன். மறுநாளும் காய்ந்த இடம் இடது பக்கத்தில்தான் இருந்தது.

கையை வைத்துப் பார்த்தேன். சூடாக இல்லை. ஈரத் திண்ணையிலோ தரையிலோ நெடுநேரம் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து போனால் கீழே இருக்குமே ஓர் இடம்... அப்படி இருந்தது.

அன்று அம்மா வலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

எத்தனையோ நாளுக்குப் பிறகு. முடியை அவளே முடிந்திருந்தாள். ஒன்றும் பேசாமல் கிண்ணங்களை எடுத்து வைத்தாள். மூன்று.

யாருக்கு என்று கேட்டேன்.

"நீதானே கூப்பிட்ட" என்றாள்.

மூன்றாவது கிண்ணத்தைக் காய்ந்த இடத்துக்கு நேராக வைத்தாள்.

வலைக்குள்ளிருந்து என் விளையாட்டைக் கேட்டிருப்பாள். அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் காய்ந்த இடத்தைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை.

அன்று அம்மா சாப்பிட்டாள். இரண்டு கிண்ணம். மாத்திரையை நான் கேட்காமலே போட்டுக்கொண்டாள், நாக்கைத் தூக்கிக் காட்டினாள். அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும். மின்விசிறியில் யாரும் திட்டவில்லை என்றாள். பானையும் பேசவில்லையாம்.

"மத்ததெல்லாம் திட்டுச்சு. இது திட்டாது. சாப்பிடத்தான் கூப்பிடும்."

"உனக்குக் கேக்குதும்மா. எனக்குக் கேக்கல" என்றேன்.

"தெரியும்" என்றாள். என் முதுகைத் தடவினாள்.

மியென் அக்காவிடம் மூன்றாவது கிண்ணத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அம்மா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள் என்றேன். பொய் இல்லை. ஒரு கிண்ணம் சோறுதானே. அதனால் அம்மா வீட்டில் இருப்பாள் என்றால் தினமும் ஒரு கிண்ணம் வைக்க நான் தயார்.

ஆனால் அந்தச் சோறு...

வேர்வைக் காலத்தில் மீந்த சோறு ஒரே இரவில் கசிந்து புளித்துப்போகும். அந்தக் கிண்ணத்துச் சோறு அப்படி ஆகவில்லை. நாங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் அது காய்ந்துவிடும். பருக்கை பருக்கையாக, கல் மாதிரி. கோழிக்குப் போட்டேன். கோழி கொத்தவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஒருநாள் தட்டை வைத்த நேரத்தில் மின்சாரம் போயிற்று. ஒலிபெருக்கி பாதிச் சொல்லில் நின்றது. சந்து முழுக்க இருட்டு. எண்ணெய் விளக்கை ஏற்றித் தட்டின் பக்கத்தில் வைத்தேன். அம்மா எதிரில். மூன்றாவது கிண்ணம் என் இடது பக்கம்.

"அம்மா, சாப்பிடுங்க" என்றேன்.

"ம். நீயும் சாப்பிடு."

குச்சியை எடுத்தேன். கோஸ் துண்டைப் பிடித்தேன். தூக்கினேன்.

"அம்மா, சாப்பிடுங்க."

நான் சொல்லவில்லை.

மெல்லிய குரல். மூக்கடைத்த மாதிரி. ஐந்து ஆறு வயது இருக்கலாம். என் முழங்கைக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

"ம். சாப்பிடும்மா" என்றாள் அம்மா, அந்தப் பக்கம் பார்த்து.

என் குச்சி தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

"அக்கா, சாப்பிடுங்க."

நான் திரும்பவில்லை. விளக்கையே பார்த்தேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தரத்தில் நின்ற என் குச்சியைப் பார்த்தாள்.

காத்திருந்தார்கள். இரண்டு பேரும்.

பதில் சொன்னால் எனக்குக் கேட்டுவிட்டது என்று ஆகும். கேட்டுவிட்டால் நான் அம்மா மாதிரி. அம்மாவைப் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன். என்னைப் பார்த்துக்கொள்ள யார்?

வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. எச்சில் விழுங்கும் சத்தம். சோற்றைப் பார்த்துக்கொண்டு, தொடாமல், எச்சிலை மட்டும் விழுங்கும் சத்தம். ஒரு முறை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை.

"உனக்கு..." என்று தொடங்கினாள் அம்மா. முடிக்கவில்லை.

நானும் வழக்கமான பதிலைச் சொல்லவில்லை. எனக்குக் கேக்கல என்று அன்று சொல்ல முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் ஹொவான் அத்தை மியென் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வேலி வழியாகப் பார்த்திருக்கிறாள். விளக்கு வெளிச்சம், மூன்று கிண்ணம், வெறும் இடத்தைப் பார்த்துப் பேசும் அம்மா. அது மட்டுமாக இருந்தால் பரவாயில்லை. என் பேச்சையும் அவள் கேட்டிருக்கிறாள். புத்தாண்டுக்குப் பிறகு எத்தனையோ நாள், நான் தனியாக உட்கார்ந்து இரண்டு குரலில் பேசியதை.

"பெரிசுதான் இப்படின்னா சின்னதும் ஆரம்பிச்சிருச்சு" என்றாள் அத்தை. "நான் காதால கேட்டேன். ஒருத்தியே கூப்பிடறா, ஒருத்தியே பதில் சொல்றா. ரெண்டையும் ஒரே வண்டியில ஏத்துங்க."

மியென் அக்கா என் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். என் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பைப் பார்த்தாள். மெதுவாகக் கேட்டாள்.

"குவே, உனக்கும் ஏதாவது கேக்குதா?"

நான் வாயைத் திறந்தேன்.

"அவளுக்கு ஒண்ணும் கேக்கல" என்றாள் அம்மா.

எல்லோரும் திரும்பினோம். அம்மா மூன்றாவது கிண்ணத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாள். குரல் தெளிவாக இருந்தது. சந்தையில் கோஸ் விற்ற காலத்துக் குரல்.

"நான்தான் அவளை அப்படிப் பேசச் சொன்னேன். பேசலன்னா சாப்பிடமாட்டேன்னு அடம்பிடிச்சேன். பாவம், எனக்காகச் சொன்னா. கேக்கறது எனக்கு மட்டும்தான்."

மியென் அக்கா அவளை வெகுநேரம் பார்த்தாள். அம்மா கண்ணைத் திருப்பவில்லை.

பிறகு அம்மாவே பை எடுத்தாள். இரண்டு சட்டை, ஒரு துண்டு, சீப்பு. யாரும் அவளைப் பிடிக்கவில்லை. வண்டி சந்துமுனையில் நின்றது. செருப்பை மாட்டக் குனிந்தவள் என் காதருகே சொன்னாள்.

"அவ கூப்பிட்டா ஒரு வார்த்தை பதில் சொல்லிடு. இல்லன்னா அவ சாப்பிடமாட்டா."

மியென் அக்காவும் அத்தையும் அவளோடு போனார்கள். அத்தை திரும்பி வந்து என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தாள். துணிகளை மூட்டை கட்டி வைக்கச் சொன்னாள்.

கட்டினேன். அம்மாவின் வலையை மடித்தேன். கணுக்கால் கயிற்றை என்ன செய்வது என்று தெரியவில்லை. பைக்குள் போட்டேன்.

ஆறு மணிக்கு ஒலிபெருக்கி அலறியது. நின்றது. இருட்டத் தொடங்கியது. அத்தை வரவில்லை.

அன்று நான் சமைக்கவில்லை. தட்டைத் தரையில் வைக்கவில்லை. கிண்ணங்கள் எல்லாம் கூடையில் கவிழ்ந்திருந்தன. கட்டில் ஓரத்தில், மூட்டையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். விளக்கு எரிந்தது. தரை வேர்த்து மின்னியது.

சுவர்க் கடிகாரம் ஆறேகால் காட்டியது.

பானை முன்பு இருந்த மூலையைப் பார்த்தேன். காய்ந்த இடம் இல்லை. அங்கேயும் ஈரம்.

நிம்மதியாக மூச்சு விட்டேன்.

"அப்பா, சாப்பிடுங்க."

மூலையிலிருந்து வரவில்லை.

"அம்மா, சாப்பிடுங்க."

கிட்டத்தில்.

பதில் சொல்ல அம்மா இல்லை. அது காத்திருந்தது. எச்சில் விழுங்கியது.

"அக்கா... சாப்பிடுங்க."

நான் கீழே பார்த்தேன்.

என் காலடியில், தொங்கிய என் இரண்டு பாதத்துக்கும் நேர் எதிரில், தரை காய்ந்துகொண்டிருந்தது. நான் பார்க்கப் பார்க்க. நடுவிலிருந்து வெளியே.

ஒரு வார்த்தைதான்.

சொல்ல வாய் வரவில்லை.

"தெப் அக்கா..."

மூட்டையை விட்டேன்.

ஓடினேன்.

வேலி இடுக்கில் சட்டை கிழிந்தது. அத்தை அப்போதுதான் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். என் வீட்டு வாசலைப் பார்த்தாள். என்ன என்று கேட்கவில்லை. உள்ளே இழுத்துக் கதவைத் தாழிட்டாள். சோறு போட்டுக் கொடுத்தாள். நான் சாப்பிடும்போது, யாரிடமோ சொல்வதுபோல, பாட்டி காலத்துப் பஞ்ச வருடத்தில் இந்தச் சந்தில் மூன்று வீட்டில்தான் ஆள் மிஞ்சியது என்றாள். அப்புறம் பேச்சை மாற்றிவிட்டாள். மூட்டையை மறுநாள் மத்தியானம் அவளே போய் எடுத்துவந்தாள்.

அம்மா திரும்பி வந்தாள். மழைக்காலம் தொடங்கும்போது. கொஞ்சம் பருத்திருந்தாள், கை லேசாக நடுங்கியது, சிரித்தாள். அப்பா சைகோன் வேலையை விட்டார். நாங்கள் ஹாய் ஃபாங் நகரத்துக்குக் குடிபோனோம். வீட்டை வெளியூர்க்காரர்களுக்கு விற்றோம். அம்மா இன்றுவரை மாத்திரையை விடவில்லை. குரல் எதுவும் கேட்பதில்லை. அப்பா காலமான பிறகு அவள் என்னோடு இருக்கிறாள். அந்தக் கிண்ணத்தைப் பற்றி அவளும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

இருபத்தைந்து வயதில் நானாக ஒரு மருத்துவரிடம் போனேன். சிறு வயதில் ஒரு குரல் கேட்டது என்றேன். ஏதாவது செய்யச் சொன்னதா என்று கேட்டார். சாப்பிடச் சொன்னது என்றேன். பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார், அன்பாகத்தான். தனியாக இருக்கும் பிள்ளைகள் துணைக்கு ஒருத்தரை உண்டாக்கிக்கொள்வார்கள், உங்களுக்கு நோய் இல்லை என்றார். ஒரு தங்கை வேண்டியிருந்தது, அழைத்தீர்கள், வந்தாள், அவ்வளவுதான்.

அதை நம்பினேன். நம்பி நன்றாகத் தூங்கினேன், போன வேர்வைக் காலம் வரை.

ஒரு சாயங்காலம் நானும் அம்மாவும் சாப்பிட உட்கார்ந்தபோது கைபேசி அடித்தது. லோவான். எங்கள் பழைய வீட்டை வாங்கியவரின் மருமகள். வேலி ஓரத்து நில அளவு பற்றி ஒரு சந்தேகம். கையில் எண்ணெய்ப் பிசுக்கு. கைபேசியைத் தட்டின் பக்கத்தில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

நிலப் பேச்சு சீக்கிரம் முடிந்தது. லோவான் கலகலப்பானவள், விடவில்லை. வீட்டுக்குப் புது ஓடு பதித்தார்களாம், அப்படியும் வேர்க்கிறதாம். "ஒரே ஒரு மூலைதான் வேர்க்கறதில்ல, குவே அக்கா. பானை வைக்கிற இடம். எங்க பொண்ணுக்கு அதுதான் பிடிச்ச இடம். அங்கதான் உக்காருவா."

பெண்ணுக்கு நான்கு வயது. இப்போதுதான் பெரியவர்களைச் சாப்பிட அழைக்கப் பழகுகிறாளாம்.

"அதுல ஒரு வேடிக்கை கேளுங்க. எங்க எல்லாரையும் வரிசையாக் கூப்பிட்டு முடிச்சதும், கடைசியா இன்னொரு பேரைச் சேத்துக்கறா. சேத்துட்டு சாப்பிடமாட்டேங்கறா. அவங்க பதில் சொல்லட்டும்கறா. சோறு ஆறிக் காஞ்சே போகுது. யாருடி சொல்லிக்குடுத்தான்னு கேட்டா பக்கத்துல கையைக் காட்டறா. பக்கத்துல சுவருதான் இருக்கு." சிரித்தாள். "இருங்க, இப்பக் கூப்பிடுவா, கேளுங்க."

கைபேசியில் ஒரு குழந்தையின் குரல். அப்பாவை அழைத்தது. அம்மாவை அழைத்தது. பிறகு நின்றது.

"தெப் அக்கா, சாப்பிடுங்க."

அது அந்தக் குழந்தையின் குரல்தான். தெளிவான, கொழுகொழு குரல்.

அதற்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, மெல்லியதாக ஒரு சத்தம் கேட்டது. யாரோ எச்சில் விழுங்கினார்கள்.

நான் நிமிர்ந்தேன். எதிரில் அம்மாவின் குச்சி தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றிருந்தது.

"யாருக்கா அந்தத் தெப்? உங்க வீட்ல யாராச்சும் இருந்தாங்களா?" என்றாள் லோவான்.

அம்மா குச்சியைக் கிண்ணத்தின் மேல் மெதுவாக வைத்தாள். கைபேசியை என் பக்கம் தள்ளினாள்.

"சொல்லிடு தெப். அவ இன்னும் சாப்பிடல."